பதினேழாவது ஓட்டத்தின் செட்டிங் ஃபைல்

ஒரு பக்கம் போதும் என்றார் ஜாஸ்மின். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் கம்ப்யூட்டர் லேபில் என் நாற்காலிக்கு வந்தவர். "சார், உங்க ப்ரோக்ராம்ல அந்த எக்ஸ்போர்ட் பகுதி எப்படி வேலை செஞ்சுதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. நாங்க மொத்தத்தையும் புதுசா எழுதப் போறோம்" என்று போனில் கேட்டார். அவர் எனக்குச் செய்த இரண்டாவது போன் அது. முதல் போனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி நல்லபடியாகப் போனது. நாலாவது வரியில் மங்கையர்க்கரசி வந்து நின்றுவிட்டாள். அப்புறம் ஒரு பக்கம் எங்கே போதும்?

என் கதை சுருக்கமானது. அப்பா பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர். வளர்ந்தது அந்தத் தொழிற்சாலையின் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். டிப்ளமோ முடித்து, கல்லூரியின் கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வேலையோடு வேலையாக ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் பைத்தான் கற்றேன். வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளி ஒன்று கூடிவிட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மொழி அது. "உங்க அம்மா மாதிரி" என்று என் மனைவியிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த மொழியில்தான் என் பெயர் சொல்லும்படி ஒரு வேலை செய்தேன். அந்த வேலையைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. கர்வம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பேராசிரியர் வேதவல்லி அம்மா நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்ந்தவர். வானத்தில் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால் அதில் எல்லா நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறந்தவை. கனமானவை சீக்கிரம் செத்துப்போகும், லேசானவை நீடித்து வாழும். இதையே கம்ப்யூட்டருக்குள் செய்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு லட்சம் நட்சத்திரங்களைப் பிறக்க வைத்து, வளரவிட்டு, எத்தனை மிச்சம், எத்தனை சாம்பல், கூட்டத்தின் நிறம் என்ன என்று கணக்கெடுப்போம். இப்படி ஒரு முறை செய்வதை ஓட்டம் என்போம். எங்கள் பழைய மெஷினில் ஓர் ஓட்டம் முடிய நாலு நாள் ஆகும்.

ஓட்டத்துக்கு முன்னால் சில எண்களைக் கொடுக்க வேண்டும். நட்சத்திரங்களில் உலோகம் எவ்வளவு, ஜோடியாகப் பிறப்பவை எத்தனை பங்கு, எந்த நட்சத்திரத்துக்கு எவ்வளவு கனம் என்று முடிவு செய்கிற குலுக்கல் எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும், இப்படி. இவை செட்டிங். முடிந்ததும் வருகிற அட்டவணை ரிசல்ட். அதே செட்டிங்கைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே ரிசல்ட்தான் வரும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் பத்திரமாக எழுதி வைப்பதுதான் எக்ஸ்போர்ட். ரிசல்ட் மட்டும் இருந்து செட்டிங் இல்லையென்றால் அது விலாசம் இல்லாத கடிதம். அந்த எக்ஸ்போர்ட் பகுதியை நான் எழுதினேன், ஒவ்வொரு வரியும்.

வேதவல்லி அம்மா ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ரிசல்ட்டைக் கொண்டுபோனால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "வாசிங்கோ" என்பார். நான் எண்களை உரக்க வாசிக்க வேண்டும். எங்காவது ஓர் எண் இடறினால் சுண்டுவிரல் மட்டும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டும். அந்த வரியை மறுபடி வாசிப்பேன். பத்தில் ஒன்பது முறை அங்கேதான் தப்பு இருக்கும். கோபம் வந்தால் "செல்வராஜ்" என்பது "மிஸ்டர் செல்வராஜ்" ஆகிவிடும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்படி மிஸ்டர் ஆனேன். செட்டிங் ஃபைலில் எண்களுக்குப் பக்கத்தில் மாணவர்கள் குறிப்பு எழுதி வைப்பார்கள். 'இந்த மதிப்பு ஏன்', 'போன தடவை இது கூடிவிட்டது' என்கிற மாதிரி. என் ப்ரோக்ராம் தொடக்கத்தில் எண்களை மட்டும் படித்து நினைவில் வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றைப் புதிதாக எழுதித் தரும். குறிப்புகள் காணாமல் போய்விடும்.

"மிஸ்டர் செல்வராஜ், கொழந்தேள் எழுதின குறிப்பெல்லாம் எங்கே போச்சு?"

"அது வந்து மேடம், எண்கள் மட்டும்தான்..."

"எண்ணுக்குக் காரணம் அந்தக் குறிப்புதானே. அதைத் தொலைக்கலாமோ?"

அன்று மத்தியானமே மாற்றினேன். ஓட்டம் முடிந்ததும், நினைவிலிருந்து எழுதுவதற்குப் பதிலாக, செட்டிங் ஃபைலையே அப்படியே நகல் எடுத்து ரிசல்ட்டோடு வைத்துவிடும். இரண்டே வரி. குறிப்புகள் வந்துவிட்டன, நானும் மறுபடி வெறும் செல்வராஜ் ஆனேன். அந்த இரண்டு வரியில் என்ன வினை இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் நான் செய்தது. லேப் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தேன்: ஓட்டம் தொடங்கியதும் அடுத்த ஓட்டத்தின் செட்டிங்கைத் தயார் செய்துவிடுங்கள், மெஷின் சும்மா கிடக்கக் கூடாது. மெஷின் ஒன்று, காத்திருப்பவர்கள் பலர். நியாயமான விதிதான். பெரும்பாலானவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், போவார்கள். அதைச் சொன்னபடி கடைப்பிடித்தவள் மங்கை ஒருத்திதான்.

மங்கையர்க்கரசி லால்குடிப் பக்கம். நெல் விவசாயம் செய்கிற வீடு. வேதவல்லி அம்மாவிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் காலை ரயிலில் வந்து சாயங்காலம் திரும்புவாள். அவளிடம் ஒரு வழக்கம். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வருவாள். ஓட்டம் தொடங்கும் நாளில் அந்தத் தாளின் பின்பக்கம் ஓட்டத்தின் எண்ணையும் கொடுத்த செட்டிங்கையும் பேனாவால் எழுதி, கிளிப் போட்டு வைப்பாள்.

"ஏம்மா, அதான் கம்ப்யூட்டரே எழுதி வைக்குதே. நீ எதுக்கு மெனக்கெடுறே?" என்று கேட்டிருக்கிறேன்.

"இருக்கட்டும் சார். முன்பக்கம் தேதி இருக்கு, பின்பக்கம் காலியா கிடக்கு. வீணாப் போகுதேன்னுதான்."

இருபதுக்கு மேற்பட்ட ஓட்டங்கள். உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனாள். கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. அதில் இருந்த செட்டிங் அட்டவணையையும் என் ப்ரோக்ராமே தொகுத்துக் கொடுத்தது. அங்கிருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடம் அவளை வரச்சொல்லி அழைத்தது. அவள் அப்பா லேபுக்கே வந்து எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் கழித்து அதே நாட்டிலிருந்து ஒரு கடிதம். உங்கள் செட்டிங்கைப் போட்டு நாங்கள் ஓட்டினோம், உங்கள் ரிசல்ட் வரவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எண்ணை வேண்டுமென்று மாற்றினார்களா என்ற சந்தேகம் அதற்குள் இருந்தது. கல்லூரி ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டது. மங்கையின் லாகினை மூடச் சொன்னார்கள். மூடியது நான். மாதிரிக்குப் பதினேழாவது ஓட்டத்தை எடுத்து, அதன் ஃபோல்டரில் இருந்த செட்டிங்கைக் கொண்டு மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். நாலு நாள் கழித்து வந்த ரிசல்ட் பதினேழாவதோடு ஒத்துப்போகவில்லை.

குழு கூடிய அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் ஐந்து பேர், எதிரில் மங்கை. ஓரத்தில் வேதவல்லி அம்மாவும் நானும். மங்கை தன் காலண்டர் தாள்களைக் கொண்டுவந்திருந்தாள்.

"அந்த ஃபைல்ல இருக்கறது நான் பதினேழுக்குக் கொடுத்ததே இல்லீங்க சார். நான் கொடுத்தது இது. இதுல எழுதியிருக்கு" என்று தாளை நீட்டினாள்.

தலைவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் அச்சாகியிருந்தது. "நல்ல நேரம் பார்த்துத்தான் நட்சத்திரத்தை ஓட்டினீங்களாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

"பேனாவால எப்ப வேணும்னாலும் எழுதலாமே" என்றார் இன்னொருவர்.

அப்போது வேதவல்லி அம்மா என் பக்கம் திரும்பினார். "செல்வராஜ், அந்தத் தாள்ல இருக்கற செட்டிங்கைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா? நாலு நாள்தானே?"

நான் சரியென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ப்ரோக்ராம் தப்பாக எழுதியிருக்குமோ என்று ஐந்து பேர் முன்னால் கேட்கிறார்களே என்றுதான் எனக்குப் பட்டது. முகம் சூடாகிவிட்டது. "தேவையில்லை மேடம். எக்ஸ்போர்ட் நான் எழுதினது. ஃபைல்ல என்ன இருக்கோ அதான் ஓடியிருக்கு. அதுல சந்தேகமே வேண்டாம்" என்றேன். மங்கை என்னையே பார்த்தாள். நான் எனக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் வராந்தாவில் அவள் அப்பா. மகளுக்குத் துணையாக வந்தவர், காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். "என்னங்க சார், முடிஞ்சுதுங்களா? புள்ள என்னமோ தாள்ல எழுதி வெச்சிருக்கேன்னு சொல்லிச்சு. அதைப் பார்த்தாங்களா?" என்றார்.

"பார்த்தாங்க. ஆனா என்ன இருந்தாலும் கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்றேன். ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி அவர் தோளில் தட்டிவிட்டு வேறு போனேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், ஆராய்ச்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. வெளிநாட்டு அழைப்பு ரத்தானது. அடுத்த வாரம் மங்கை விலகல் கடிதம் கொடுத்தாள். என் மேஜைக்கு வந்து லேப் சாவியை வைத்துவிட்டு, "போயிட்டு வரேன் சார்" என்றாள். "சரிம்மா" என்றேன். இரண்டு மாதத்தில் நானும் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், பிழையே இல்லாத ப்ரோக்ராமர் என்று பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜாஸ்மினின் முதல் போன் அதற்கப்புறம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், காலை பத்து மணி இருக்கும்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ரன் ஓடிக்கிட்டிருக்கும்போதே நான் செட்டிங் ஃபைலை அடுத்த ரன்னுக்கு மாத்திட்டேன். முடிஞ்சப்ப பார்த்தா ரிசல்ட்டோட புது செட்டிங்தான் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கு. இது நீங்க வேணும்னே இப்படி வெச்சதா?"

கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டேன். நட்சத்திரங்கள் ஓடுவது தொடக்கத்தில் படித்த எண்களோடு. நகல் எடுப்பதோ முடிவில் இருக்கிற ஃபைலை. நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளில் மங்கை, என் அட்டை சொன்னபடி, அடுத்த ஓட்டத்தின் எண்களை அதே ஃபைலில் எழுதிவிட்டு ரயில் ஏறியிருக்கிறாள். பதினேழின் ஃபோல்டரில் பதினெட்டின் செட்டிங். பதினெட்டில் பத்தொன்பது. வரிசை முழுக்க ஒன்று தள்ளி விழுந்திருக்கிறது. குழுவுக்காக நான் ஓட்டியபோது வந்த ரிசல்ட் பதினேழோடு ஒத்துப்போகவில்லை. பதினெட்டோடு அச்சாக ஒத்துப்போயிருக்கும். அட்டவணையில் ஒரு வரி கீழே யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

கடைக்காரர் "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். நேரே உத்தர வீதிக்கு, வேதவல்லி அம்மா வீட்டுக்கு நடந்தேன்.

வேதவல்லி அம்மா முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சுண்டுவிரல் அசையவில்லை. அப்புறம் சொன்னார்: "நான் அன்னிக்கு உங்களைக் கேட்டேன் செல்வராஜ். உங்களைக் கேட்டிருக்கப்படாது. மிஷினைக் கேட்டிருக்கணும். அது என் தப்பு." அவர் அப்படிச் சொன்னதற்குப் பதிலாக ஆயிரம் மிஸ்டர் போட்டிருக்கலாம்.

காலண்டர் தாள்கள் விசாரணை ஃபைலிலேயே இருந்தன. பதினேழாம் தாளின் செட்டிங்கை ஜாஸ்மினிடம் கொடுத்து ஓட்டினோம். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் லேபில் உட்கார்ந்து நான் வாசித்தேன், வேதவல்லி அம்மா பழைய ரிசல்ட்டை வைத்துக்கொண்டு கேட்டார். கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருந்தது. மங்கை கையால் எழுதியது சரி, நான் எழுதிய ப்ரோக்ராம் தப்பு.

கல்லூரிக்குக் கடிதம் கொடுத்தேன். குழு கலைந்துவிட்டது, கடிதத்தை ஃபைலில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். ஐந்து பேர் முன்னால் வாயால் சொன்னது ஓர் அலமாரிக்குள் திருத்தப்பட்டது. வேதவல்லி அம்மா இதழுக்கு எழுதினார், அவர்களும் திருத்தம் போட்டார்கள். மங்கை விரும்பினால் மறுபடி சேரலாம் என்று கல்லூரி சொன்னது. இதையெல்லாம் நேரில் சொல்ல நான்தான் போக வேண்டும் என்றேன்.

மங்கை மண்ணச்சநல்லூரில் தன் தாய்மாமாவின் அரிசி மில்லில் இருந்தாள். அரிசியில் கறுத்ததையும் பழுத்ததையும் நிறம் பார்த்துப் பிரித்துத் தள்ளுகிற மெஷின் ஒன்று உண்டு. அதைக் கவனிப்பது அவள் வேலை. தலையில் துண்டு கட்டியிருந்தாள், புருவமெல்லாம் தவிடு. மெஷின் பக்கத்துச் சுவரில் காலண்டர் தாள்கள், பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தன. எந்த நெல்லுக்கு எந்த செட்டிங் என்று அவள் கையெழுத்தில்.

"வாங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"எந்த வரி சார்?" என்றாள்.

அச்செடுத்துக் கொண்டுபோயிருந்ததைக் காட்டினேன். இரண்டு வரியையும் படித்தாள். "குறிப்பு போயிடக் கூடாதுன்னு இப்படி மாத்தினீங்களா?" என்று லேசாகச் சிரித்தாள். "நானும் அந்த டேபிளை என் தாளோட வெச்சுப் பார்த்திருக்கணும் சார். எண்ணு வரிசையா ஏறிக்கிட்டே போச்சு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். லாகினும் போச்சு, தாளும் அவங்ககிட்ட போச்சு. அப்புறம் எதை வெச்சுப் பார்க்கறது?"

"மறுபடி வந்து சேரும்மா. மேடம் எல்லாம் பேசிட்டாங்க."

"இப்ப வேண்டாம் சார்." மெஷின் தள்ளிய கறுத்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க 'பார்த்துட்டுச் சொல்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நாலு நாள் நான் காத்திருந்திருப்பேன்."

அச்செடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அந்த அஞ்சு பேரு நம்பாததுகூடப் பரவால்ல சார். அன்னைக்கு ரயில்ல திரும்பிப் போறப்ப அப்பா ஒரே ஒரு தடவை கேட்டாரு, 'நீ ஏதாச்சும் மாத்தி எழுதினியாம்மா'ன்னு. இல்லப்பான்னேன். சரின்னுட்டாரு. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல, இன்னைக்கு வரைக்கும். நீங்க அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மாமாவிடம் சொல்லிவிட்டு அவளும் கிளம்பினாள். இரண்டு பஸ் மாறி அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. அவள் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, லேப் சார்தானே?" என்று அடையாளம் கண்டுகொண்டார். மோர் கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உங்கள் பெண் தாளில் எழுதியதுதான் சரி, தப்பு செய்தது என் ப்ரோக்ராம், அதைச் சரிபார்க்காமல் பேசியது நான் என்று சொன்னேன்.

"அப்ப எம் பொண்ணு எதையும் மாத்தலீங்களா?"

"இல்லீங்க. ஒரு புள்ளிகூட மாத்தல."

அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்:

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க சார். படிச்சவங்க சொல்றீங்களேன்னு, எம் பொண்ணைப் பார்த்து நானே கேட்டுட்டேனே."

மங்கை என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாலு மணி பஸ்ஸுக்கு நான் தனியாகவே நடந்து போனேன்.